என் பேச்சால் ஏறிய இரத்த அழுத்தம்

வாசகரே, அன்று முதலில் உயர்ந்தது என் குரலா, என் தந்தையின் இரத்த அழுத்தமா என்பதற்கு உங்களையே சாட்சியாக அழைக்கிறேன்.

சேலத்தில் எங்கள் வார்டு சமுதாயக் கூடத்தில் மாநகராட்சியின் இலவச மருத்துவ முகாம். மேடையும் மைக்கும் இல்லாமல் எங்கள் ஊரில் முகாம் தொடங்காது. ஆகவே, பட்டிமன்றக் கோப்பைகள் பல வென்ற என்னை, ‘சோதனைக்கு அஞ்சாதீர்’ என்று முழங்க அழைத்திருந்தார்கள். நான் இசைந்ததற்குக் காரணம் வேறு. லாரி ஓட்டும் என் தந்தைக்குச் சில வாரங்களாகத் தலைசுற்றல். சோதனை என்றால் தட்டிக்கழிப்பார். மகன் பேசுகிறான் என்றால் வந்துவிடுவார்.

வந்தார். மேடைக்குக் கீழேயே செவிலியரின் மேசை. “அஞ்சாதீர்!” என்று நான் உச்சத்தைத் தொட்ட நொடியில் அவர் கையில் பட்டை இறுகியது.

“பிரஷர் ரொம்ப அதிகமுங்கண்ணா. மாத்திரை போடோணும்,” என்றார் செவிலியர்.

“அதெல்லாம் இல்லீங்க. என்ற பையன் மேடையில கத்தறான் பாருங்க, அதுல ஏறிருச்சு. ஊட்டுல இருந்தா நார்மலுங்க.”

வரிசையில் நின்றவர்களுக்கும் தப்பிக்க வழி பிறந்தது. “எனக்கும் அந்தத் தம்பியாலதானுங்க!” என்றார் ஒரு ஜவுளிக்கடைக்காரர்.

“சக்கரையும் பேச்சுல ஏறுமுங்களா?” என்று ஆவலோடு கேட்டார் ஓர் அம்மாள்.

மருத்துவர் தீர்ப்பளித்தார்: நான் மேடையிலேயே வாய்மூடி நிற்க வேண்டும், எல்லோருக்கும் மறுபடி அளக்க வேண்டும். பொன்னாடையுடன், மைக்கின் முன் கைகட்டி நின்றேன். எந்த அவையும் என்னை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

தந்தைக்கு அதே அளவுதான் காட்டியது.

“இப்பத் தம்பி பேசவே இல்லீங்களே?” என்றார் செவிலியர்.

“எப்ப ஆரம்பிப்பானோன்னு பயந்துக்கிட்டே இருந்தனுங்க.”

கூடம் சிரித்து ஓய்ந்ததும், செவிலியர் நீட்டிய மாத்திரை அட்டையைத் தந்தை மேசையிலேயே வைத்தார். “பிரஷர்னு தெரிஞ்சா ஓனர் வண்டி குடுக்க மாட்டாருங்க.” அதில் கேலி இல்லை.

“மாத்திரையில அளவு எறங்கிட்டா நீங்க தாராளமா ஓட்டலாமுங்க,” என்றார் மருத்துவர்.

“பாக்கலாமுங்க,” என்று எழுந்தார் தந்தை.

தலைசுற்றலோடு அவர், விபத்துகளுக்குப் பேர்போன தொப்பூர் மலை இறக்கத்தில் லாரியை இறக்குவது என் கண்முன் வந்தது. மௌனத்தை முறித்தேன்.

“அப்பா, இந்தச் சபையே கேக்கட்டும். தினமும் காலையில மாத்திரை போடுங்க. போடாத அன்னைக்கு, மைக் செட்டோட உங்க லாரி ஷெட்டுக்கே வந்து, நீங்க முழுங்கற வரைக்கும் பேசுவேனுங்க!”