அரைப்பேரும் முழுப்பேரும்

திண்டுக்கல்லுக்கு வந்த புதிதில், காலையில் தண்ணீர் வண்டி வரும் நேரம்தான் எனக்குப் பெரிய சங்கடம். அங்கே சிலோன் மலையில் குடத்தை ஊற்றுத் தண்ணீர் வரும் பீலிக்கடியில் வைத்தால் தண்ணீர் தானாக விழும், யாரோடும் பேச வேண்டியதில்லை. இங்கே குடத்துக்குக் குடம் காசு கொடுக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், நிற்கிற நேரத்தில் பேசவும் வேண்டும். வீட்டுக்கார அம்மா தினமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"ஏங்க சிலோன் அம்மா, இன்னைக்கு என்ன வெஞ்சனம்?"

முதல் நாள் அந்தச் சொல்லே எனக்கு விளங்கவில்லை. சோற்றுக்கு என்ன தொட்டுக்கொள்கிறோம் என்று கேட்கிறார் என மருமகள் பார்வதிதான் காதில் சொன்னாள். நான் வாய்விட்டுப் பேசக் கூச்சப்படுகிறவள். "சோறும் கறியுந்தாங்க" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். எட்டு மாதமும் அதே பதில்தான். என்னோடு கப்பலில் வந்து இன்று எந்தெந்த ஊரிலோ இருக்கிறவர்களும், இன்னும் அங்கே தோட்டத்து லயத்து வீடுகளில் இருக்கிறவர்களும் இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். நமக்குப் பூசணிக்காயும் கறி, பருப்பும் கறி, கீரையும் கறி. இந்த ஊரில் கறி என்றால் ஆட்டுக்கறி மட்டும்தான். அது எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் மாதம் அறுபது ரூபாய் வாடகையைத் தொண்ணூறு ஆக்கிவிட்டார் வீட்டுக்கார அம்மா. பார்வதி போய்க் கேட்டாள்.

"தெனம் கறி திங்கிற வீட்டுக்கு முப்பது ரூவா ஒரு காசாத்தா? நாங்கல்லாம் தீவாளிக்கு எடுக்கிறதோட சரி. ஒம் புருசன் ஆசுபத்திரி மிசினு பாக்குறவரு. டாக்டருக காசு அம்புட்டும் ஆரு பையில விழுகுதாம்?"

"அய்யோ, எங்க மாமி கறின்னு சொன்னது கத்திரிக்காயைத்தாங்க!"

"நல்லாருக்கே! வாடகை கேட்டா கறி கத்திரிக்காயாயிருமாக்கும்."

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாயால் வந்த வினை.

டாக்டர்களின் காசு எங்கள் வீட்டுப் பக்கமே வந்ததில்லை. என் மகன் செல்வராசு அங்கே தேயிலை அரைக்கிற ஸ்டோரில் மெக்கானிக்குக்குக் கையாளாக இருந்து, பார்த்துப் பார்த்தே தொழில் படித்தவன். தோட்டத்து டிஸ்பென்சரியில் எது நின்றுபோனாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரிக் கருவிகள் பழுது பார்க்கும் கடையில் சேர்ந்தான். ஊசியும் கத்தியும் அவிக்கிற ஸ்டெரிலைசர், ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, பிள்ளை நிறுக்கிற தராசு, எல்லாம் அவன் கைக்கு வரும். அழுத்தம் பார்க்கிற கருவியைச் சரியாக்கிவிட்டால் வீட்டுக்குக் கொண்டுவந்து என் கையில் பட்டையைச் சுற்றி, பந்தை அமுக்கிப் பார்ப்பான். பாதரசம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். "ஒனக்கு நல்லாத்தான் இருக்கும்மா, மிசினும் நல்லா இருக்கு" என்பான். சர்டிபிகேட் இல்லாததால் ஆறு மாதம் பாதிச் சம்பளம் இருநூறு, அதற்குப் பிறகு முழுசாக நானூறு என்று முதலாளி சொல்லியிருந்தார். ஆறு மாதம் தாண்டி மூன்று மாதம் ஆகியும் இருநூறுதான் வந்தது. இவன் கேட்கவில்லை. என் வயிற்றில் பிறந்தவன், எங்கிருந்து வாய் வரும்?

வாடகை ஏறிய அன்றைக்கு அவன் சொன்னான். "கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல நம்மாளுகளுக்கு வேலை குடுக்குறாங்களாம். லயமும் குடுப்பாங்க. போயிரலாம்மா."

எனக்கு மலையும் குளிரும் ஆசைதான். ஆனால் அங்கே போனால் இவன் கையில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக் கொடுப்பார்கள். மயிரிழைக் கம்பியைப் பிடித்து இணைக்கிற விரல்கள் ஒரே வருஷத்தில் மரத்துப்போகும். அவன் அப்பாவின் விரல்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் மறுநாள் யாருக்கும் சொல்லாமல் நானே கடைக்குப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் பண்ணிக்கொண்டே போனேன்.

"செல்வராசோட அம்மாங்க" என்றேன்.

"எந்தச் செல்வராசும்மா?" என்றார் முதலாளி. பிறகு சிரித்தார். "அட, நம்ம சிலோனோட ஆத்தாவா? ஒக்காருங்க. அவன் எரியோட்டுக்கு வேலையாப் போயிருக்கான். என்ன விசயம்?"

உட்காராமலே சொல்லி முடித்தேன். "ஒம்பது மாசமா என் மகனுக்கு அரைப்பேருதாங்க போடுறீங்க. இனிமே முழுப்பேரு போடணுங்க."

தோட்டத்தில் ஒரு நாள் வேலையின் கூலிக்குப் பேர் என்றுதான் சொல்வோம். கொழுந்து குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போடுவார். எனக்குத் தெரிந்த சம்பளப் பேச்சு அது ஒன்றுதான்.

முதலாளி மேசைப் பக்கம் திரும்பினார். அதன் மேல் பழுது பார்த்து முடித்த கருவி ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன அட்டை நூலில் கட்டித் தொங்கியது. என்ன மாற்றினார்கள், யார் மாற்றினார்கள் என்று அதில் எழுதுவார்களாம். அதில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார்.

"வாஸ்தவந்தாம்மா. என் மேலதான் தப்பு. முழுப்பேரு என்ன, சொல்லுங்க."

தோட்டத்துப் பேர்ப் பதிவான செக்ரோலில் எழுதும்போது கணக்கப்பிள்ளையும் இப்படித்தான் கேட்பார். "மு. செல்வராசுங்க. முத்தையா மகன்" என்றேன்.

"இன்னையிலருந்து முழுப்பேரே போட்டுர்றேன். மனசுல வச்சுக்காதீங்க."

எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். பார்வதியிடம் சொல்லி, அன்றைக்குச் சோற்றுக்கு இரண்டு முட்டையும் வாங்கினோம். சம்பள நாளில் அதே இருநூறு ரூபாய் வந்தது. நான் கடைக்குப் போன கதையைச் சொன்னதும் செல்வராசு தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். "அடப் போம்மா! முன்னெல்லாம் அட்டையில சிலோன்னு எழுதுவாரு. இப்ப ரெண்டு வாரமா மு. செல்வராசுன்னு எழுதுறாரு. என்னடா திடீர்னு மரியாதைன்னு நானும் யோசிச்சேன். இங்க பேருன்னா வெறும் பேருதாம்மா." எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடலூருக்குப் போக அந்த வாரமே சாக்கு வாங்கிவந்து பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தாள் பார்வதி.

சாக்கு பாதி நிறைந்திருந்தபோதுதான் அது நடந்தது. பழனி ரோட்டில் பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருக்கிற டாக்டரம்மா ஒருவர் கடைக்கு நேரில் வந்திருக்கிறார். செல்வராசு மூலையில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தான். அவன் வீட்டில் வந்து நடித்துக் காட்டியபடியே எழுதுகிறேன்.

"இந்த மு. செல்வராசுங்கிறது யாருங்க?" என்றாராம் டாக்டரம்மா, ஒரு அட்டையைக் காட்டி.

"நம்ம கடை ஆளுதாங்கம்மா. முந்தி சிலோன்னு எழுதியிருப்பேனே, அவருதான்."

"ஆளா? நான் ஏதோ சிலோன் சாமான் போட்டிருக்கீங்க, அதான் கெடாம ஓடுதுன்னுல்ல நெனச்சேன்! சிலோன் சாமானே போடுங்கன்னு நர்ஸ்கிட்ட வேற சொல்லி விட்டேனே. ஏங்க, இவரை எங்க ஆஸ்பத்திரிக்கே அனுப்புங்களேன். மாசம் முந்நூத்தைம்பது தாரேன்."

முதலாளி எழுந்தே நின்றுவிட்டாராம். "அய்யய்யோ, அவரு நம்ம கடையில முழுச் சம்பளக்காரருங்கம்மா! நானூறு வாங்குறாரு!"

டாக்டரம்மா முன்னால் சொன்ன சொல்லை அவரால் திருப்பி எடுக்க முடியவில்லை. அந்த மாதமே நானூறு வந்தது. பார்வதி சாக்கை அவிழ்த்தாள்.

நானூறு ரூபாய் இந்த ஊரில் பெரிய சம்பளம் என்று சொல்ல மாட்டேன். அங்கே கூலி கொஞ்சம்தான், ஆனால் விறகுக்கும் தண்ணீருக்கும் கூரைக்கும் யாரும் கை நீட்டியதில்லை. இங்கே அடுப்பு மூட்டுவதற்குள் மூன்று பேருக்குக் காசு கொடுத்தாக வேண்டும். வாடகை தொண்ணூறிலேயே நிற்கிறது. இப்போதெல்லாம் வீட்டுக்கார அம்மா கேட்டால், "வெறும் ரசந்தாங்க" என்று கவனமாகச் சொல்கிறேன். "நம்புறேன், நம்புறேன்" என்று கண்ணடிக்கிறார்.

என் மகனுக்கு முழுப்பேர் போட்டாயிற்று. என்னை இந்தத் தெருவில் இன்னும் சிலோன் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அங்கே, கப்பலேறுவதற்கு முந்தின வாரம், செக்ரோலில் என் பேரைக் கணக்கப்பிள்ளை சிவப்பு மையால் அடித்ததை நான் பார்த்தேன். போன வாரம் செல்வராசின் பையிலிருந்து எழுதாத அட்டை ஒன்றை எடுத்து, ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் மு. காத்தாயி என்று என் பேரை எழுதினேன். துளையில் நூலும் கோத்துவிட்டேன். அதை எதில் கட்டுவது என்றுதான் தெரியவில்லை.