"திரும்ப வாங்க" என்று சொல்லக் கூடாத வாசல்

மாத்தளையில் நோனாவின் சிகிச்சை நிலையத்தில் நான் கிளாக்கராகச் சேர்ந்த சில வாரங்களிலேயே, அதை மூடிவிடலாமா என்ற பேச்சு வந்துவிட்டது. ஒரு தடவை வந்த நோயாளி மறுதடவை எட்டிப் பார்ப்பதில்லை. மருந்து கொடுத்து அனுப்புகிற இடமென்றால் பரவாயில்லை. எங்களுடையது மசாஜ், வெந்நீர் ஒத்தடம், கை கால்களை மடக்கி நீட்டும் பயிற்சி. ஒரே நாளில் எந்த விரலும் மடங்கிவிடாது.

நோனா பறங்கிப் பெண்மணி, சீமையில் படித்தவர். நல்ல கைராசிக்காரர். நேரம் குறிப்பது, வரிசைப்படி உள்ளே அனுப்புவது, துவாய்கள் வெளுத்து வந்தனவா என்று பார்ப்பது, அவர் இங்கிலீஷைத் தமிழாக்குவது எல்லாம் என் தலையில். அதோடு ஒரு கட்டளை வேறு. யார் புறப்பட்டாலும் வாசல்வரை போய், சிரித்த முகத்தோடு "திரும்ப வாங்க" என்று சொல்ல வேண்டும். எனக்கு வாய் கூசியது. இது வேண்டாமே என்று நோனாவிடம் சொல்லிப் பார்த்தேன். "மரியாதைக்கு என்ன கூச்சம்?" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

ஒரு நாள் இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து செல்லாயி என்ற கொழுந்து பறிக்கும் பெண் மாமியாரோடு வந்தாள். சரிவில் விழுந்து மணிக்கட்டு முறிந்திருக்கிறது. எலும்பு கூடிவிட்டது. விரல்கள்தான் விறைத்துக் கிடந்தன.

"வெரலு மடங்கலைன்னா பத்துச்சீட்டு குடுத்துருவேன்னு தொரை சொல்லிட்டாருங்கய்யா" என்றாள். பத்துச்சீட்டு கொடுத்து வேலையைவிட்டு நிறுத்தினால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும்.

நோனா பிடித்துவிட்டதில் ஒரு விரல் லேசாக அசைந்தது. செல்லாயி அழுதுகொண்டே சிரித்தாள். வாசலில் நான் என் கடமையைச் செய்தேன்.

"திரும்ப வாங்க."

மாமியாருக்கு வந்ததே கோபம்! "வைத்தியம் பாக்குற வாசல்ல நின்னுக்கிட்டு இப்பிடியா வாய் வைக்கிறது? அவ கை மறுபடி ஒடியணுமா?" என்று மருமகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த முறை இருவரும் வரவில்லை.

அன்று நான் நோனாவை விடவில்லை. வைத்தியம் பார்த்துப் போகிறவர்களிடம் திரும்ப வா என்பது, இன்னொரு நோயில் விழு என்று சபிப்பது மாதிரி என்று விளக்கினேன். முகம் சிவந்துவிட்டது அவருக்கு. "பின்னே எப்படித்தான் வரவைப்பது?" என்றார்.

பக்கத்து முஸ்லிம் நானாவின் கடையில் பொதி கட்டும் நூல் வாங்கினேன். எத்தனை தடவை வரவேண்டுமோ அத்தனை முடிச்சு; வரும் ஒவ்வொரு தடவையும் ஒன்றை அவிழ்ப்பது. முதல் நாளே கையில் கொடுத்துவிட்டால் வாசலில் நின்று யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நோனா நூலைப் பார்த்துவிட்டு, "நீ அவிழ்க்காதே. அவளே அந்தக் கையால் அவிழ்க்கட்டும், அதுவும் பயிற்சிதான்" என்றார். தோட்டத்து ஆட்களுக்கு லீவு ஞாயிறு என்பதால், மாதா கோவில் பூசை முடிந்து வந்து நிலையத்தைத் திறக்கவும் ஒப்புக்கொண்டார்.

பஸ் ஏறி இரத்தோட்டைக்குப் போனேன். கடைத்தெருவில் மாமியாரைப் பிடித்தேன்.

"இந்த முடிச்சு தீர்ற வரைக்குந்தான்மா. அப்புறம் எங்க மூஞ்சியிலயே முழிக்க வேணாம்."

"ம், இது பேச்சு!" என்று நூலை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

முதல் முடிச்சை அவிழ்க்கும்போது செல்லாயி பல்லைக் கடித்துக்கொண்டு திணறினாள். பிறகு வாரத்துக்கு வாரம் விரல்கள் சொன்னபடி கேட்டன. மற்ற நோயாளிகளும் தங்களுக்கும் நூல் கேட்டார்கள். மூடும் பேச்சு தானாக நின்றது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, வருகிறவருக்கு நாற்காலி போடுவதோடு நம் வேலை முடிவதில்லை. அவர்களை எந்தச் சொல் சொல்லி அனுப்புகிறோம் என்பதும் சிகிச்சைதான்.

கடைசி முடிச்சைச் செல்லாயி பேச்சுவாக்கில் அவிழ்த்துப் போட்டாள். தோட்டத்தில் மறுபடி வேலைக்குப் பேர் போட்டுவிட்டார்களாம், மறுநாள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாளாம். வாசலில் நின்று, வேறெங்கும் யாரும் சொல்லத் துணியாத சொல்லைச் சொன்னாள்.

"நான் போறேங்கய்யா."

"போ தாயி" என்றேன். "வராத."