பெரினாவின் மாடியும் ஷ்பீரோவின் தரைத்தளமும்

ஸ்ப்ளிட் நகரத்துத் துறைமுகத்தில் படகு வந்து நின்றால், வீடு வாடகைக்கு விடும் பெண்கள் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். ஒரு காலத்தில் நாற்பது பேர் நின்ற இடம் அது. எல்லாரும் இணையத்துக்குப் போய்விட்ட பிறகு நாலு பேர்தான் மிச்சம். அந்த நாலு பேரில் மற்ற மூவருக்கும் ஆகாத ஒருத்தி பெரினா.

ஆகாததற்குக் காரணம் அவள் வாய். மற்றவர்கள் "கடல் தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது இவள் குறுக்கே புகுந்து, "தெரியும், கழிப்பறை மூடி மேல ஏறி நின்னா தெரியும்" என்பாள். "அமைதியான தெரு" என்று ஒருத்தி சொன்னால், "கீழே மதுக்கடை இருக்கு, காது கேக்காதவங்களுக்கு அமைதிதான்" என்பாள். சொந்த வீட்டையும் விட்டுவைக்க மாட்டாள். நாலாவது மாடி, தொண்ணூற்றொரு படி, லிஃப்ட் கிடையாது, இனி வரவும் வராது, குளியலறைக் கதவு பாதிதான் திறக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுவாள். இதையெல்லாம் கேட்டும் வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் அவள் பேச்சைக் கேட்கவே வந்தவர்கள்.

அந்த நாலாவது மாடியில்தான் பெரினா பிறந்தாள்; சமையலறையை ஒட்டிய அறையில் தான் இருந்துகொண்டு மீதியை வாடகைக்கு விட்டாள். ரோமச் சக்கரவர்த்தி ஒருவர் வேலையை விட்டு ஓய்வெடுக்கக் கட்டிய அரண்மனையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற வீடு அது. பழைய ஊரின் சந்துகளெல்லாம் அந்த அரண்மனைக்குள்தான். அவளுடைய சமையலறையின் ஒரு பக்கச் சுவர் சக்கரவர்த்தியுடையது. அவள் சிறுமியாக இருந்தபோது அப்பா அந்தச் சுவரில் வாணலி மாட்ட ஓர் ஆணி அடித்தார். தொல்பொருள் அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் மூச்சிரைக்க மாடி ஏறி வந்து, "ஆயிரத்தெழுநூறு வருஷத்துச் சுவர்யா இது!" என்று கத்தினான். "அப்ப ஓர் ஆணிக்கு விழாது" என்று சொல்லிவிட்டு அப்பா இரண்டாவது ஆணியையும் அடித்தார். வாய் எங்கிருந்து வந்தது என்று யாரும் தேட வேண்டியதில்லை.

பத்தொன்பது வருஷம் ஒரு தொழிற்சாலையில் செருப்புக்கு அடிப்பகுதி ஒட்டினாள். தொழிற்சாலை மூடியது. இடையில் ஷ்பீரோவைக் கட்டிக்கொண்டாள். படகு இன்ஜின் மெக்கானிக். எந்த இன்ஜினையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடுவான், திரும்பச் சேர்க்கும்போதுதான் தகராறு. இருவரும் சேர்ந்து அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்த பழைய ஒயின் கிடங்கை வாங்கி, சுரண்டி, வெள்ளையடித்து, வாடகைக்கு விடும் வீடாக ஆக்கினார்கள்.

பெரினாவுக்கு ஐம்பது வயதானபோது ஷ்பீரோ ஷிபெனிக் ஊரிலிருந்த ஒரு பல் மருத்துவரின் உதவியாளரோடு போய்விட்டான். எட்டு மாதத்தில் அந்த உதவியாளரே அவனைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அதற்குள் விவாகரத்து முடிந்து, மாடி பெரினாவுக்கு, தரைத்தளம் ஷ்பீரோவுக்கு என்று கோர்ட்டு பிரித்துக் கொடுத்துவிட்டது. போக்கிடம் இல்லாத ஷ்பீரோ அந்தத் தரைத்தளத்துக்கே வந்து பின்னறையில் குடியேறினான். முன்பக்கத்தை வாடகைக்கு விட்டான்.

ஒன்பது வருஷம் ஒரே வாசலில் நுழைந்து ஒரே வாசலில் வெளியேறினார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவசியமான சேதி இருந்தால் சந்தையில் காய்கறி விற்கும் நெடில்கா வழியாகப் போகும், வரும். மற்றபடி பெரினா தினமும் காலையில் மேசைவிரிப்பை ஜன்னல் வழியாக உதறுவாள். ரொட்டித் துகள் எல்லாம் ஷ்பீரோவின் முற்றத்தில் போய் விழும். அதற்கு முன்னால் அவனுடைய காப்பிக் கோப்பை முற்றத்துக்கு வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொள்வாள்.

ஆகஸ்டு மாதம், சனிக்கிழமை நடுப்பகல். துறைமுகத்தில் ஒரு செக் குடும்பம் காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தது. கணவன் ராடெக், கையில் போனை வைத்து எல்லாத் திசையிலும் சுற்றிக்கொண்டிருந்தான். மனைவி பிளாங்கா அவன் மேல் கோபமாக இருந்தாள். ஒன்பது வயது மகள் ஸோஃபியே ஒரு பூனையைத் துரத்திக்கொண்டிருந்தாள். பிளாங்காவின் அப்பா பொஹுமில், நூற்று முப்பது கிலோ, இரண்டு முழங்காலும் பழுது, கைத்தடி. அவர் மட்டும் நிம்மதியாகப் பீர் குடித்துக்கொண்டிருந்தார். செக் மொழியும் ஸ்ப்ளிட்காரர்களின் பேச்சும் ஒன்றுவிட்ட சகோதரிகள். பாதி புரியும், மீதியைக் கையால் பேசிக்கொள்ளலாம்.

"என்ன தேடுறீங்க?" என்று பெரினா கேட்டாள்.

"பதினாலாம் நம்பர்" என்றான் ராடெக். "பணம் கட்டி பதிவு பண்ணியாச்சு. இந்தப் படத்தைப் பாருங்க."

பெரினா படத்தையும் அதன் கீழிருந்த முகவரியையும் பார்த்தாள். வெள்ளைச் சுவர், பளிங்குத் தரை, ஜன்னல் நிறையக் கடல். "அழகான வீடு. எந்த நாட்டுல இருக்கோ தெரியல. அந்தச் சந்து பன்னெண்டாம் நம்பரோட முடிஞ்சுபோச்சு தம்பி. பதினாலுக்குப் போகணும்னா சுவத்துக்குள்ளதான் போகணும்."

பிளாங்கா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "நான் அப்பவே சொன்னேன்."

"எப்ப சொன்ன?"

"மனசுக்குள்ள சொன்னேன்."

"என்கிட்ட ஒரு வீடு இருக்கு. தொண்ணூத்தொரு படி" என்று ஆரம்பித்த பெரினாவின் கண் பொஹுமில் மேல் போய் நின்றது. கிழவர் செருப்பைக் கழற்றி வைத்திருந்தார். கால் இரண்டும் வீங்கிப் பன்ரொட்டி மாதிரி இருந்தன. யாராவது பார்த்தால் சட்டென்று காலைப் பெட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, பீரைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். பெரினா பேச்சை நிறுத்திவிட்டாள். "சரி, வாங்க. வேற இடம் பாக்கலாம்" என்றாள். தன் வீட்டை விட்டுவிட்டு அடுத்தவர் வீட்டுக்கு ஆள் கூட்டிப்போவது துறைமுகத்தில் நடக்காத காரியம். மற்ற மூன்று பெண்களும் இவளுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று முடிவு கட்டினார்கள்.

என்ன வேண்டும் என்று நடந்துகொண்டே கேட்டாள். பிளாங்காவுக்குப் படத்தில் இருந்த மாதிரி வெள்ளைச் சுவர் வேண்டும். ராடெக்குக்கு வாசலில் கார் நிறுத்த இடம் வேண்டும். "அரண்மனைக்குள்ளயா? சக்கரவர்த்தியே நடந்துதான் வந்தாரு" என்றாள் பெரினா. ஸோஃபியேவுக்குப் பூனை வேண்டும்.

"எனக்கு ஒரு நாற்காலி போதும்" என்றார் பொஹுமில். "உடையாத நாற்காலி."

முதல் வீடு பாதி நிலத்துக்கடியில். வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "குளுகுளுன்னு இருக்கும், ஏசியே வேணாம்" என்றார். பெரினா மூக்கை உறிஞ்சினாள். "மத்தி மீன் வாசனையும் இலவசம். அந்தப் படத்தைச் சுவத்திலேருந்து எடுங்க." வீட்டுக்காரர் எடுக்கவில்லை. ஸோஃபியே எடுத்தாள். பின்னால் கறுப்பாகப் பூசணம், படத்தைவிடப் பெரிதாக. இரண்டாவது வீட்டில் கட்டில் சமையலறைக்குள் இருந்தது. அடுப்பைப் பற்றவைத்தால் தலையணை பற்றிக்கொள்ளும். மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது, பிளாங்காவின் முகம்கூட மலர்ந்தது. அந்த நேரம் பார்த்துக் கீழே இருந்த மதுக்கடையில் ஒலிபெருக்கியைச் சோதித்தார்கள். அலமாரியிலிருந்த கண்ணாடி டம்ளர்கள் தாமாகவே நகர்ந்து ஓரத்துக்கு வந்தன.

வெளியே வந்தபோது பொஹுமில் உடைந்த ரோமத் தூண் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். முகம் தக்காளி. "நீங்க போய்ப் பாருங்க. நான் இங்கயே ஒரு வாரம் இருந்துக்கிறேன். காத்து நல்லா வருது."

"அப்பா, விளையாடாதீங்க" என்றாள் பிளாங்கா. அம்மா போன பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே வருவது இதுதான் முதல் தடவை என்றும், கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்ததாகவும் பெரினாவிடம் தனியாகச் சொன்னாள். "இப்படியே திரும்பிப் போனா இனி வாசப்படி தாண்ட மாட்டார்."

பெரினா சந்தைக்குப் போய் நெடில்காவிடம் கேட்டாள். நெடில்கா தர்பூசணியைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஷ்பீரோ வீடு காலியாத்தான் இருக்கு. ஜெர்மன்காரங்க காலையில போயிட்டாங்க."

"எந்த ஷ்பீரோ?"

"உன் புருஷன்டி."

"எனக்குப் புருஷனே கிடையாது."

"சரி, உன் மாடிக்குக் கீழே இருக்கிற வழுக்கைத் தலை. தரைத்தளம், ஒரு படிகூட இல்ல. நான் வேணா போய்ச் சொல்லட்டுமா?"

பெரினா ஒரு தர்பூசணியை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தாள். பிறகு, "வேணாம். உனக்கு வாய் சரியா வராது, நானே போறேன்" என்றாள்.

ஒன்பது வருஷமாக ஷ்பீரோவிடம் சொல்ல அவள் எத்தனையோ வசனங்கள் தயார் செய்து வைத்திருந்தாள். மாவு பிசையும்போது, படி கழுவும்போது, துணி காயப்போடும்போது மாற்றி மாற்றித் திருத்தியும் வைத்திருந்தாள். ஷ்பீரோ கதவைத் திறந்தான். பனியன், காலில் ஒரு செருப்பு மட்டும். அவளைப் பார்த்ததும் இன்னொரு செருப்பைத் தேடுகிற மாதிரி கீழே குனிந்துகொண்டான். திருத்தி வைத்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஆள் கொண்டுவந்திருக்கேன். கட்டில் எத்தனை?"

"ரெண்டு."

"மூணாவதுன்னு அந்த சோபாவைச் சொல்லுவ. அதுல ஸ்பிரிங் முதுகுல குத்தும்."

"ரெண்டுன்னுதான் சொன்னேன்!"

"சொல்லப் போற. எனக்குத் தெரியாதா? வாங்கினவளே நான்தானே."

செக் குடும்பம் பின்னால் நின்று பார்த்தது. இவர்கள் புருஷன் பெண்டாட்டி என்று யாரும் சொல்லாமலே அவர்களுக்கு விளங்கிவிட்டது.

கட்டில் இரண்டு, ஆள் நாலு. ராடெக் கணக்குப் போட்டுப் பார்த்தான், சரிவரவில்லை. பொஹுமில் முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்து அசைத்துப் பார்த்தார். இரும்பு நாற்காலி, தாங்கியது. "நான் கீழே. நீங்க மூணு பேரும் மேலே போங்க" என்றார்.

"குடும்பமா வந்துட்டு ரெண்டு வீட்டிலயா மாமா?" என்றான் ராடெக்.

"மாப்பிள்ள, பதினாறு மணி நேரமா ஒரே கார்ல வந்தோம். குடும்பமா இருந்தது போதும்."

அப்படித்தான் ஒரே குடும்பம் இரண்டு வீட்டையும் எடுத்தது. மேலே ஏறியபோது ஸோஃபியே படிகளை எண்ணினாள். தொண்ணூற்று மூன்று என்றாள். பெரினா ஒத்துக்கொள்ளவில்லை. இருவரும் இறங்கி மறுபடி எண்ணினார்கள்.

அன்றிலிருந்து முற்றத்தில் சத்தம் ஓயவில்லை. பிளாங்கா சமைத்து ஒரு கூடையில் வைத்துக் கயிறு கட்டிக் கீழே இறக்குவாள். ஷ்பீரோ வாங்கிப் பொஹுமிலுக்குக் கொடுப்பான். "பாதியைத் தின்னுட்டுக் குடுக்காத!" என்று பெரினா மேலிருந்து கத்துவாள். "உப்பே இல்ல, யாரு தின்னுவா!" என்று அவன் கீழிருந்து கத்துவான். மதியம் முழுக்கக் கிழவரும் ஷ்பீரோவும் சீட்டாடினார்கள். அவர் ஏமாற்றி ஆடினார். அவனும் ஏமாற்றி ஆடினான். இருவருக்கும் நன்றாகப் பொழுது போயிற்று. மூன்றாம் நாள் பொஹுமில் தடியை ஊன்றிக்கொண்டு தானாகவே கடற்கரை வரை நடந்துபோய், காலைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாலாம் நாள் காலை மாடியில் வெந்நீர்க் கொதிகலன் நின்றுவிட்டது. பிளாங்கா தலை நிறைய நுரையோடு குளியலறையில் நின்றாள். பெரினா ஜன்னலிலிருந்து கீழே பார்த்தாள். மேசைவிரிப்பை உதற அல்ல, கூப்பிட. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

"ஷ்பீரோ! மேலே வா. கருவியும் எடுத்துட்டு வா."

அவன் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். கொதிகலனைத் தரை முழுக்கப் பரப்பினான். ஒரு மணி நேரத்தில் திரும்பப் பூட்டினான். வெந்நீர் வந்தது. தரையில் மூன்று திருகாணிகள் மிச்சம் இருந்தன.

"இது எதுக்குய்யா?"

"அது சும்மா இருந்தது. தேவையில்ல."

பெரினா ஒரு தட்டில் இறைச்சி அடைத்த குடமிளகாய் வைத்துக் கொடுத்தாள். சக்கரவர்த்தியின் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டவன் பாதியில் கரண்டியை வைத்துவிட்டான். "பெரினா, நான் அன்னைக்குச் செஞ்சது..."

"தெரியும். நீ சொல்லி நான் தெரிஞ்சுக்க வேண்டியதில்ல."

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல வேணாம். கேட்டுக்கிட்டா போதும்."

"கேட்டுக்கிட்டேன். சாப்பிடு, ஆறிப்போகுது."

அவ்வளவுதான். அவன் போன பிறகு அவள் தட்டைக் கழுவ வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். அழவில்லை. அழுகை வருமோ என்று கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள், வரவில்லை. காலிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் போட்ட மாதிரி இருந்ததே தவிர வேறொன்றும் இல்லை.

சனிக்கிழமை குடும்பம் கிளம்பியது. பொஹுமில் பெரினாவின் கையைப் பிடித்து முத்தமிட்டு, அடுத்த வருஷமும் வருவேன், அதே நாற்காலிதான் வேண்டும் என்றார். அவரைக் காருக்குள் ஏற்றும்போது ஷ்பீரோவும் ராடெக்கும் இரண்டு பக்கமும் நின்று தள்ளினார்கள்.

இரண்டு வீட்டுக்கும் மதியமே புது ஆட்கள் வருவதாக இருந்தது. பெரினா மாடியைத் துடைத்து முடித்தபோது கீழேயிருந்து குரல் வந்தது. இரட்டைக் கட்டில் விரிப்பு, தனியாக மடிக்க வரவில்லையாம். அவள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போய் இரண்டு முனைகளைப் பிடித்தாள். அவன் மற்ற இரண்டையும் பிடித்தான். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்பதில் உடனே சண்டை ஆரம்பித்தது.

வாசலில் போய்க்கொண்டிருந்த நெடில்கா கூடையோடு நின்றாள். "என்னடி, சமாதானமா?"

"துணி மடிக்கிறோம்டி, கண்ணு தெரியலையா?" என்ற பெரினா ஷ்பீரோவின் பக்கம் திரும்பினாள். "இழுத்துப் பிடிய்யா. தொங்குது பாரு."