ஏட்டையாவுக்கு உப்புக் கரைத்தவர்

உமா போன் செய்தபோது நான் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக் குழம்புக்கு அல்ல, சங்கரலிங்கம் அண்ணாச்சியின் மீனுக்கு. முந்தின நாள் மாலைதான் அவர் கூப்பிட்டு, "எஸ்தரம்மா, ஏட்டையாவுக்குச் சாப்பாடு தீந்து போச்சு. காலையில வந்து வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லியிருந்தார். காலையில் அவர் வரவில்லை. அவருடைய மகள்தான் பேசினாள்.

"ஆன்ட்டி, அப்பா போயிட்டாங்க."

எங்கே என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் புரிந்தது. நடைக்குப் போனவர் ஏ.எஸ்.ராவ் நகர் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எலுமிச்சம்பழத்தை வெட்டிக் கையில் தேய்த்தேன். சோப்புப் போட்டேன். மறுபடியும் எலுமிச்சை. வாடை போகவில்லை. அவர்கள் முட்டைகூடச் சேர்க்காத சைவக் குடும்பம். இந்தக் கையோடு எப்படிப் போய் அண்ணாச்சியின் மனைவி கோமதி மதினியைக் கட்டிக்கொள்வது? ஒரு பக்கம் அழுகை வந்தது, ஒரு பக்கம் இந்தக் கவலை. உரித்த இறாலை ஃப்ரீசரில் வைத்தேன், கதவைப் பூட்டினேன், பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்த்தேன். இதை எழுதும்போதும் இரண்டு முறை எழுந்துபோய் ஃப்ரீசரைத் திறந்து மூடிவிட்டேன். அண்ணாச்சியின் தொற்று என்று நினைக்கிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். இங்கே ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறை மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் தூத்துக்குடியிலிருந்து அதே பிரிவில் சேர்ந்த முதல் நாள், "எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப நம்ம பக்கம்லா" என்றார். அன்று முதல் அவர் அண்ணாச்சி, நான் எஸ்தரம்மா.

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இதை மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். எங்கள் பிரிவில் அவருக்கு ஒரு நாற்காலி இருந்தது. அதில் கோப்புகள் உட்கார்ந்திருந்தன. மேலதிகாரியின் அறையில் எல்லோரும் அமர்ந்து பேசும்போது இவர் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே உலாத்திக்கொண்டே பதில் சொல்வார். உமாவின் கல்யாணத்தில் தாரைகூட நின்றுகொண்டேதான் வார்த்தார்; உட்கார வைக்கப் பார்த்த ஐயருக்கு வேர்த்ததுதான் மிச்சம். "உட்காருங்க அண்ணாச்சி" என்று அவரிடம் சொல்லாதவர்கள் எங்கள் தொழிற்சாலையிலேயே கிடையாது. "இந்தா உக்காருதேன்" என்பார். சொல்லி முடிக்கும்போது அறையின் அந்தப் பக்கம் நிற்பார்.

அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்றால் வீடு என்ன ஆகும்? முதல் மாதத்திலேயே மதினி என்னிடம் வந்து முறையிட்டார்கள். "வீட்டுக்குள்ள ஒரு மனுசன் ஃபேன் மாதிரி சுத்துனா எனக்குத் தலையச் சுத்துது எஸ்தர். எங்கயாவது வேலைக்குச் சேத்து விடேன்." நான் சேர்த்து விடுவதற்கு முன்பே அவருக்கு ஒரு முதலாளி கிடைத்துவிட்டது.

மௌலா அலிப் பக்கம் எதற்கோ போனவர், வழியில் ஒரு வண்ணமீன் கடைக்குள் நுழைந்திருக்கிறார். மூலையில் ஒரு தொட்டியில் ஒற்றை மீன். கடைக்காரர் கையை ஆட்டி, "யே நக்கோ சாப், காட்தா ஹை" என்றாராம். மற்ற மீன்களின் வாலையெல்லாம் கடித்து வைத்ததால் தனியாகப் போட்டிருந்தார்கள். வேண்டாம் என்று சொன்னால் அண்ணாச்சிக்கு அதுதான் வேண்டும். பிளாஸ்டிக் பைத் தண்ணீரோடு நேரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நீங்க கடக்கரைக்காரங்கல்லா. இது என்னன்னு சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பேத்தை. பயந்தால் பந்து போல ஊதிக்கொள்ளும் மீன். உடம்பில் விஷம் உண்டு என்று எங்கள் ஊரில் வலையிலிருந்து உதறி எறிவார்கள். இது அதிலேயே சின்ன ஜாதி, ஆறு கடலில் சேரும் இடத்தில் வாழ்வது. மஞ்சளும் பச்சையுமான முதுகில் கறுப்புப் புள்ளிகள். "இந்த ஊர்ல இது அபூர்வமாம், வேற எந்தக் கடையிலயும் கிடைக்காதாம்" என்றார். "எங்க ஊர்ல இது வலையில விழுந்தா வைவாங்க அண்ணாச்சி" என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. பையைத் தூக்கிப் பிடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மீனின் ஒரு கண் அவரைப் பார்த்தது, இன்னொரு கண் என் பூனையைப் பார்த்தது. இரண்டும் தனித்தனியாகச் சுழலும். தொந்தியும் சந்தேகப் பார்வையும் சேர்ந்து, அண்ணாச்சி அதற்கு ஏட்டையா என்று பெயர் வைத்தார்.

கடையில் அதைச் சாதாரணத் தண்ணீரில் வைத்திருந்தார்கள். வயிறு கறுத்துச் சோர்ந்து கிடந்தது. அண்ணாச்சி தேடித் தேடிப் படித்துக் கண்டுபிடித்தார்: இதற்கு நல்ல தண்ணீரும் ஆகாது, முழுக் கடல் நீரும் ஆகாது, நடுவில் வேண்டும். வளர வளர உப்பும் கூட வேண்டும். கடலே இல்லாத ஊரில், பால்கனியில், ட்ரம்மில் கழிமுகம் தயாரானது. கடல்மீன் தொட்டிகளுக்கென்று விற்கும் உப்பை வாங்கிக் கரைப்பார். தண்ணீரில் மிதக்கவிட்டு உப்பை அளக்கும் கண்ணாடிக் குழாய் ஒன்றும் வாங்கினார். தொட்டிக்கு முன்னால் போட ஒரு ஸ்டூலும் வாங்கினார். அதில் வாளி உட்கார்ந்தது.

வீட்டில் பெரிய போராட்டம். நத்தையும் இறாலும் தின்னும் பிராணியை மதினி எப்படி ஏற்பார்கள்? "கொலை பண்ணுத வீடாப் போச்சு" என்று சாப்பிடாமல் இருந்தார்கள். கடைசியில் உடன்பாடு இப்படி வந்தது: நத்தைத் தொட்டி பால்கனிக்கு வெளியே, இறால் என் வீட்டு ஃப்ரீசரில், சமையல்கட்டுக்குள் எதுவும் வரக் கூடாது. அப்படியும் அண்ணாச்சி சமையல்கட்டிலிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மதினி சீராகக் கொண்டுவந்த எவர்சில்வர் உழக்கு. உப்பு அள்ள அதுதான் வாகாக இருக்கிறதாம். "எங்க அம்மா குடுத்த உழக்கு, மீனுக்கு உப்பள்ளுத உழக்காப் போச்சு" என்று மதினி என்னிடம் சொல்லாத வாரம் கிடையாது. மீன் தொட்டி இருந்த அறைப் பக்கமே போக மாட்டார்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் மூடி போட்ட டப்பாவோடு அண்ணாச்சி என் வாசலில் வந்து நிற்பார். உள்ளே மீன் பொரிந்துகொண்டிருக்கும், மூக்கைச் சுளிக்க மாட்டார், ஆனால் மூச்சை அடக்கிக்கொள்வார். இறாலை வாங்கியதும் டப்பாவை உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்தபடி நடப்பார். "உட்காருங்க அண்ணாச்சி, காப்பி தாரேன்" என்பேன். "இந்தா உக்காருதேன்" என்ற குரல் படிக்கட்டிலிருந்து வரும்.

ஒருநாள் ஏட்டையா நத்தை ஓட்டைக் கடித்து உடைப்பதைக் காட்டிவிட்டுச் சொன்னார்: "இதுக்குப் பல்லு வளந்துகிட்டே இருக்கும் எஸ்தரம்மா. கடிக்கதுக்கு ஒண்ணும் இல்லைன்னா வாயத் தொறக்க முடியாமப் பட்டினி கெடந்து செத்துரும். நானும் ரிட்டயர் ஆன புதுசுல அப்படித்தான் இருந்தேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் மனது என்னவோ போல ஆனது.

கடைசி ஒரு வருடமாக அவரை ஒரே ஒரு கவலை அரித்துக்கொண்டிருந்தது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்த மீன் பத்து வருடத்துக்கு மேலும் இருக்கும் என்று எங்கோ படித்துவிட்டார். "எனக்கு முந்தி இது போயிறணும். இல்லைன்னா இதுக்கு யாரு உப்புக் கரைப்பா? நீங்க எடுத்துக்கிடுதீங்களா?" என்று கேட்டார். முடியாது என்று நேராகவே சொன்னேன். பூனை இருக்கிற வீடு, மீன் தின்னுகிற ஜனங்கள். உமா வேலைக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருப்பவள். "கோமதி?" என்று அவரே கேட்டு, அவரே தலையை ஆட்டிக்கொண்டார். வந்த காரியத்தை மறந்து, டப்பாவை வாங்காமலே போய்விட்டார். நான்தான் பின்னால் ஓடிக் கொடுத்தேன்.

தகனம் முடிந்த மறுநாள் மறுபடியும் போனேன். மதினி சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். உமா மீன் இருந்த அறையிலிருந்து ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஆன்ட்டி, ஜல்தி வாங்க. ஏட்டையாவுக்கு என்னமோ ஆச்சு."

தொட்டியில் தண்ணீர் பளிங்கு போல இருந்தது. அடியில் ஏட்டையா ஒருக்களித்துக் கிடந்தது. வயிறு கறுத்திருந்தது. செவுள் படபடவென்று அடித்தது. பக்கத்தில் அண்ணாச்சியின் தம்பி சுப்பையா, ஊரிலிருந்து வந்தவர், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சாவு வீட்டில் தேங்கின தண்ணீரை வைத்திருக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். குடம், வாளி எல்லாவற்றையும் கொட்டிக் கழுவியிருக்கிறார்கள். பால்கனியில் இருந்த ட்ரம்மையும் கவிழ்த்துவிட்டார்கள். பிறகு தொட்டி கண்ணில் பட்டிருக்கிறது.

"எங்க அண்ணன் ஆசையா வளத்த மீனு, தீட்டுத் தண்ணியில கெடக்கக் கூடாதுன்னுல்லா நல்ல தண்ணி மாத்துனேன்" என்றார் சுப்பையா. அழுதுவிடுவார் போலிருந்தது. "மொள்ளும்போதே பந்து மாதிரி ஊதிட்டு. நான் பயந்துட்டேன்." அந்தப் பயத்தில் உப்பு அளக்கும் கண்ணாடிக் குழாயும் கீழே விழுந்து உடைந்திருந்தது.

அவரை என்னவென்று திட்டுவது? அண்ணன் மேல் உள்ள பாசத்தில்தான் அதையும் செய்திருக்கிறார். ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உப்பு மூட்டை இருக்கிறது, எவ்வளவு போடுவது? குறைந்தாலும் போய்விடும், கூடினாலும் போய்விடும். உமா போனைத் தடவிக்கொண்டே இருந்தாள். "நெட்டுல ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க ஆன்ட்டி. அப்பா எவ்ளோ போட்டாங்கன்னு நான் கேட்டதே இல்ல." அந்த மீனும் போனால் அண்ணாச்சி இரண்டாவது முறை சாவார் என்று எனக்குத் தோன்றியது. நானும் அவரைப் போலவே ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன்.

"நீலச் சீசாவுல இருக்க மருந்த முதல்ல விடணும்."

திரும்பிப் பார்த்தேன். வாசல்படியில் கோமதி மதினி நின்றார்கள்.

"குழாத் தண்ணியில இருக்க மருந்து வாசம் போகணும்னு அவுக அததான் முதல்ல விடுவாக. அப்புறந்தான் உப்பு."

சுப்பையா பதறினார். "மதினி, நீங்க எந்திரிக்கப்படாது. பதினாறு முடியட்டும்."

"பதினாறு நாள் அது தாங்காது தம்பி."

உமா நீலச் சீசாவைத் தேடி எடுத்துத் தொட்டியில் விட்டாள். மதினி நேரே உப்பு மூட்டையிடம் போனார்கள். உள்ளே கிடந்த உழக்கை எடுத்துத் தன் சேலையால் துடைத்தார்கள். ஒருமுறை அள்ளி, விரலால் வழித்து, யோசித்து, மறுபடி அள்ளினார்கள். "இத வாங்கிட்டு வந்த புதுசுல ஒரு வாளிக்கு அர உழக்கு. அப்புறம் தலைதட்டி. இந்த வருசத்துல இருந்து கோபுரமாப் போடுதாக. ஒரேயடியா ஊத்திராத எஸ்தர், இப்பக் கொஞ்சம், வெயில் தாழக் கொஞ்சம்."

"மதினி, நீங்க இந்தப் பக்கமே வர மாட்டீங்களே" என்றேன்.

"சமையல்கட்டுல இருந்து பாத்தாத் தெரியும்லா. என் உழக்கு. நெளிச்சுப் போடுவாகளோன்னு தினம் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

சொல்லிவிட்டு உழக்கை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார்கள். பாயில் உட்கார்ந்திருந்தபோதெல்லாம் வராத அழுகை. சுப்பையா வாளியைத் தூக்கி வந்து தண்ணீர் பிடித்தார். நாங்கள் எல்லோரும் கரைத்தோம். வெயில் தாழும் நேரத்தில் ஏட்டையா நிமிர்ந்தது. வயிறு வெளுக்க இன்னும் சில நாட்கள் ஆயிற்று. அதுவரை எதையும் தின்னவில்லை, நானும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து மறுநாள் காலை, இறால் டப்பாவோடு அவர்கள் வாசலில் நின்றேன். இதுவரை அவர் என் வாசலில் நின்றதைப் போல. மதினி டப்பாவை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்தபடி உள்ளே நடந்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, இடுக்கியால் ஒரு துண்டை எடுத்துத் தண்ணீரில் விட்டார்கள். ஏட்டையா வெடுக்கென்று கவ்வியது. "ஏ சவமே, கையக் கடிச்சிராத" என்று பின்வாங்கினார்கள். பிறகு ஸ்டூலில் இருந்த வாளியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, அதில் உட்கார்ந்தார்கள்.

சுவரில் மாலை போட்ட படம். உட்கார்ந்து எடுத்த படம் தேடியும் கிடைக்கவில்லையாம். அதிலும் அண்ணாச்சி நின்றுகொண்டுதான் இருக்கிறார், கிளம்பப் போகிறவர் மாதிரி. மீனின் ஒரு கண் மதினியைப் பார்த்தது. இன்னொரு கண் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி, உப்புக் கரைக்க ஆள் இருக்கிறது. கோபுரமாகத்தான் போடுகிறார்கள். இனியாவது உட்காருங்கள்.