ஊசியக்காவின் முன்சக்கரம்

தையல் மெஷின் பழுது பார்ப்பவளை அந்த ஊரில் பாதிப் பேர் ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் அவளுடைய சொந்த மெஷின் நூலை அறுத்துக்கொண்டே இருந்தது. பழுது பார்ப்பவரோ இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று இழுத்தடித்தார். பொறுமையிழந்து ஒரு மத்தியானம் அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டாள். திரும்பப் பூட்ட மூன்று நாள் ஆனது. இரண்டு திருகுகள் மிச்சம். ஆனாலும் மெஷின் ஓடியது. எதிர்வீட்டுக்காரி தன்னுடையதையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்படி ஒட்டிக்கொண்ட தொழில்.

இப்போது அவளுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. வீட்டுத் தையல்காரிகள், சட்டைக் கம்பெனிகள், மெத்தை உறை தைப்பவர்கள் என்று ஊரெங்கும் வேலை. சில நாள் மெஷின் தலையையே பின்சீட்டில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். அதற்காகவே மோட்டார் சைக்கிள் வாங்கினாள். கூப்பிட்ட இடத்துக்குக் கூப்பிட்ட நேரத்தில் போய் நிற்பது அவளுக்குப் பெருமை. தனக்கு யாராவது உதவ வந்தால் மட்டும் உடம்பு கூசும். "இருக்கட்டும், நானே பாத்துக்கறேன்" என்ற வாக்கியத்தை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வாள்.

அந்தக் கோடையில் வண்டி கனக்கத் தொடங்கியது. காலையில் நன்றாக ஓடும். நாலைந்து வீடு ஏறி இறங்கியபின் யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பதுபோல முக்கும். முன்சக்கரத்துப் பக்கமிருந்து தீய்ந்த வாடை வரும். பட்டறைக்காரர் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். சுற்றியது. இருந்தாலும் பிரேக் பேட் இரண்டையும் மாற்றினார். அடுத்த முறை பேடை அழுத்திப் பிடிக்கும் கேலிபரைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவிப் பூட்டினார். மூன்றாவது முறை கையைத் துடைத்துக்கொண்டே, "எனக்குப் பிடிபடலைக்கா. இங்க வந்தா ஒழுங்காத்தான் இருக்கு" என்றார்.

அவர் மேல் ஊசியக்காவுக்குக் கோபம் வரவில்லை. அவள் போய் நின்றதும் சமர்த்தாக ஓடிக் காட்டிய மெஷின்கள் எத்தனையோ.

இரண்டு நாள் கழித்து, மேம்பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. பிரேக்கைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு இறக்கத்துக்கு வந்தபோது, பிரேக்கிலிருந்து கையை எடுத்த பிறகும் முன்சக்கரம் விடவில்லை. வண்டி முனகிக்கொண்டே வேகம் குறைந்து நடுப்பாதையில் நின்றது. பின்னால் வந்த லாரி கிறீச்சிட்டு, அவள் முதுகுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

ஓட்டுநர் இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவர் வண்டியைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோய், சுட்டதும் இழுத்துக்கொண்டார்.

"ஆறட்டும்மா. பின்னாடி வர்றவங்களை நான் பாத்துக்கறேன். நீங்க பதறாதீங்க."

லாரியைக் கொஞ்சம் குறுக்கே நிறுத்தி அவளை மறைத்தார். கால் மணி நேரம் ஹார்ன் சத்தமும் வசவும் அவர் தலையில் விழுந்தன. அவர் கையைக் காட்டிக் காட்டி எல்லாரையும் ஒதுக்கி அனுப்பிக்கொண்டிருந்தார். சக்கரம் ஆறியதும் தானாகவே இளகியது. ஓரமாகத் தள்ளிவிட்டுத் திரும்புவதற்குள் லாரி கிளம்பிவிட்டது. ஊசியக்கா அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லியிருக்கவில்லை.

அன்று சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னாள். கணவருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை; ஆளும் ரொட்டி மாதிரியே உப்பியிருப்பார். அவர் சாப்பாட்டை விட்டுவிட்டு அவளையே பார்த்தார். "பிரேக் போச்சுங்கறதைவிட, அந்த மனுஷனுக்கு வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லலையேன்னுதான் இருக்கு" என்றாள் அவள்.

பக்கத்தில் நாத்தனார், கணவரின் தங்கை. எட்டு மாதம் முன்பு இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து பின்னறையில் தங்கியிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில், சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின்களைக் கவனிக்கும் வேலை. அளந்து பேசுகிறவள். அண்ணிக்கும் அவளுக்கும் சண்டையும் இல்லை, ஒட்டுதலும் இல்லை.

"எப்பவும் பிடிக்குதா, சூடானப்புறமா, அண்ணி?" என்று கேட்டாள்.

"சூடானாத்தான். பட்டறையில நிறுத்தினா பச்சப்புள்ள மாதிரி சுத்துது."

"அப்ப சூடா இருக்கும்போதே திறந்து பாக்கணும். எங்க மெஷின்ல அழுத்தம் ஏறிடுச்சுன்னு அலாரம் அடிச்சா, குழாய்ல எந்த இடத்துல அடைச்சிருக்குன்னு ஒவ்வொண்ணாத் தேடுவோம். இதுவும் குழாய்தானே? ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுதான்."

'இருக்கட்டும், நானே பாத்துக்கறேன்' நாக்கு நுனிவரை வந்தது. ஊசியக்கா அதை ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கினாள். "சரிம்மா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருத்தெருவாகச் சுற்றி, வேண்டுமென்றே பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, முன்சக்கரம் முக்க ஆரம்பித்ததும் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். பெட்ரோல் டாங்கின் மேல் ஈரத்துணியைப் போர்த்தினாள். பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும். பெரிய ஸ்டாண்டைப் போட்டு, முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பக் கணவரைப் பின்சீட்டின் கடைசியில் உட்கார வைத்தாள்.

"என் உடம்பைக் குறைக்கச் சொல்லி நச்சரிச்சியே. பாத்தியா, இதுக்கும் ஒரு வேலை வந்திருக்கு" என்றார் அவர்.

"அசையாம உக்காருங்க. அதான் வேலை."

சக்கரத்தைச் சுற்றினால் அரை வட்டம்கூடப் போகவில்லை. நாத்தனார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள். கீழே கேலிபரில், காற்றை வெளியேற்றும் சின்னத் திருகு இருந்தது. அதில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டு, திருகைக் கால் சுற்று தளர்த்தச் சொன்னாள். சுரீரென்று ஆயில் பாய்ந்தது. சக்கரம் விடுபட்டுச் சுழன்றது.

"பேட்ல, கேலிபர்ல கோளாறு இல்லை. உள்ள அழுத்தம் மாட்டிக்கிட்டு நிக்குது. எங்கன்னு பாக்கணும்."

திருகை இறுக்கி, பிரேக்கைப் பலமுறை அழுத்தியதும் சக்கரம் மறுபடி இறுகிக்கொண்டது. இந்த முறை மேலே, கைப்பிடியருகே குழாய் தொடங்கும் இடத்தில், துணியைச் சுற்றி இணைப்பைத் தளர்த்தினார்கள்.

"இப்பவும் சக்கரம் விடலைன்னா குழாய்க்குள்ள அடைப்பு. விட்டுச்சுன்னா அதுக்கு மேல" என்றாள் நாத்தனார்.

துணி நனைந்தது. சக்கரம் விட்டது.

குழாய்க்கு மேலே இருப்பது ஆயில் டப்பாவும் அதன் அடியில் உள்ள சிலிண்டரும்தான். மூடியைக் கழற்றினால், ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. நாலு வருடமாக யாரும் மாற்றவில்லை. அதை உறிஞ்சி எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தபோது அடியில் ஒரு ஓட்டை தெரிந்தது. இரண்டு இருக்க வேண்டும் என்றாள் ஊசியக்கா. முந்தின நாள் பிரேக் ஆயில் வாங்கப் போன உதிரிபாகக் கடையில், புதுச் சிலிண்டர் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பசைபோன்ற கசட்டை வழித்ததும், மற்றது இருந்த இடம் தட்டுப்பட்டது. மெஷின் ஊசியின் கண்ணைவிடச் சின்னது. சூடாகி விரியும் ஆயில் திரும்பிவரும் வழி அதுதான். வழி அடைபட்டதால் ஆயில் பேடையே தள்ளிக்கொண்டு நின்றிருக்கிறது.

"ஊசியால குத்தி விடேன்" என்றார் பின்சீட்டிலிருந்து கணவர்.

"இரும்பு வேணாங்க. உள்ள கீறிச்சுன்னா ரப்பர் கிழிஞ்சிடும்."

மெஷின் துடைக்கும் நைலான் பிரஷ்ஷிலிருந்து ஊசியக்கா ஒரே ஒரு மயிரைப் பிடுங்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டையில் விட்டாள். முதலில் வளைந்தது. மூன்றாம் முறை இறங்கியது. கறுப்பாக ஒரு துணுக்கு கூடவே வந்தது. கடுகில் பாதி இருக்காது.

டப்பாவைக் கழுவி, மூடியில் பொறித்திருந்த அதே நம்பர் ஆயிலைப் புதுப் பாட்டிலிலிருந்து ஊற்றினார்கள். ஒருத்தி மேலே அழுத்திப் பிடிக்க, ஒருத்தி கீழே திறந்து மூட, பழைய ஆயிலும் காற்றும் வெளியேறின. "பிடிங்க அண்ணி", "பிடிச்சிருக்கேன்", "விடலாம்" என்று அரை மணி நேரம். எட்டு மாதத்தில் இருவரும் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. கடைசியில் பிரேக்கை லேசாகத் தொட்டபோது, டப்பாவில் ஆயில் மட்டத்தின் மேல் ஊற்றுப்போல ஒரு சின்னக் கொப்பளிப்பு எழுந்தது. வழி திறந்துவிட்டது.

மூடியை இறுக்கிவிட்டு, ஊசியக்கா தெருமுனைவரை நடை வேகத்தில் போய்ப் பிரேக் நிற்கிறதா என்று பார்த்தாள். நின்றது. பிறகு ஒரு மணி நேரம் சுற்றி, நெரிசலான சாலையிலும் ஓட்டிவிட்டு வந்தாள். சக்கரம் சுழன்றது. கையை அருகே கொண்டுபோனால் வெதுவெதுப்புதான்.

மறுநாள் பட்டறைக்காரரிடம் கொண்டுபோய், எதற்கும் சிலிண்டரின் ரப்பர்களையும் மாற்றிவிடச் சொன்னாள். அவர் டப்பாவுக்குள் வெகுநேரம் எட்டிப் பார்த்தார். "இவ்வளவு சின்ன ஓட்டையா? நான் கீழேயே தேடிக்கிட்டிருந்தேன்கா. இனிமே மேலேயும் பாக்கறேன்." அவர் அதை ஒளிக்காமல் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை நாத்தனாருக்குக் காலை டியூட்டி. ஆறு மணிக்கே பஸ்ஸுக்குக் கிளம்பியவளை ஊசியக்கா நிறுத்தி, பின்சீட்டில் ஏற்றிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியவளிடம் என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ மட்டும் இல்லேன்னா அந்த வண்டியை வித்துட்டு வீட்டோட உக்காந்திருப்பேன்மா. உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை."

"அதான் சொல்லிட்டீங்களே, அண்ணி" என்றாள் நாத்தனார். முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. "அந்த பிரஷ் மயிர் யோசனை எனக்கு வந்திருக்காது."

நாத்தனார் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள்; நோயாளிகள் வருவதற்கு முன் மெஷின்களைக் கழுவித் தயார் செய்ய வேண்டும். அன்றிலிருந்து காலை டியூட்டி நாட்களில் பஸ் கிடையாது. அண்ணியோடுதான் பயணம். வழியில் பாதி தூரம் மெஷின் கதை, மீதி தூரம் பின்சீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தவரைப் பற்றிய சிரிப்பு.