போஸ்டரில் என் கணவர்

என் கணவருக்குத் தாளம் என்றால் என்னவென்றே தெரியாது. பூசைப் பாட்டுக்கு அவர் கைதட்டினால் பக்கத்தில் நிற்பவரும் குழம்பிப்போவார். அந்த மனிதர்தான் தொண்ணூறுகளின் நடுவில், வியா மக்வேதா தெரு முழுவதும், கையில் ட்ரம்பெட்டோடு சுவர் சுவராக நின்றார்.

நாங்கள் இருவரும் போர்கோ வெக்கியோ சந்தைப் பகுதியில் ஒரு ஜாஸ் சங்கத்தின் மாடியைக் கூட்டித் துடைத்து வந்தோம். அந்த வேலையை நம்பித்தான் இத்தாலியில் இருக்க எங்களுக்குப் பெர்மெஸ்ஸோ என்ற அனுமதிப் பத்திரம். ஒருகாலத்தில் கப்பலில் வந்திறங்கி, துறைமுகத்து நடனக் கூடங்களில் முதன்முதலாக ஜாஸ் வாசித்த கறுப்புக் கலைஞர்களைப் பற்றி அங்கே ஒரு கூட்டம் ஏற்பாடாயிற்று. அவர்களுடைய படம் ஒன்றுகூட அகப்படவில்லை. யாரும் எடுத்து வைக்கவில்லை, அதுதான் உண்மை. சங்கத் தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். நிலம் துடைத்துக்கொண்டிருந்த என் கணவரின் நிறம் அவருக்குப் போதுமாக இருந்தது. மன்னாரில் பிறந்தவரைப் பிடித்து, கையில் ட்ரம்பெட்டைக் கொடுத்து நிறுத்திப் போஸ்டருக்குப் படம் எடுத்தார்கள். இவரும் பல்லெல்லாம் தெரிய நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் பல்லரோவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மேல்மாடியில் உண்மையான ட்ரம்பெட்காரர் ஒருவர் இருந்தார். கானா நாட்டவர், உணவகத்தில் கோப்பை கழுவினார். அவருடைய தகப்பன் கப்பல் இசைக்குழுவில் இருந்தவர், இதே துறைமுகத்தில் இறங்கி வாசித்தவர். தகப்பன் வாசித்த மெட்டு ஒன்றைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும், மகன் கேட்டது அவ்வளவுதான். நான் அவரைத் தலைவரிடம் அழைத்துப் போனேன். பேச்சாளர்கள் நிறையப்பேர், நேரமில்லை என்றார் தலைவர். விருப்பமென்றால் பின்வரிசையில் இருந்து கேட்கலாமாம்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் என்மேல் பாய்ந்தார்.

"அந்தக் காப்பிலிக்காகப் பரிஞ்சு கதைக்க உனக்கென்ன வந்தது?"

கறுப்பின மக்களை எங்கள் ஆட்கள் இழித்துச் சொல்லும் சொல் அது. எனக்கு உச்சந்தலை கொதித்தது.

"போஸ்டரிலை நீங்கள் காப்பிலியா நிக்கேக்கை இனிச்சதெல்லோ?"



கூட்டத்தன்று மாலை, இந்தக் கலைஞர்களை உலகம் மறந்துவிட்டதே என்று மேடையில் ஒருவர் உருகிக்கொண்டிருந்தார். அப்போது கீழே சந்தைப் பக்கமிருந்து ட்ரம்பெட் கேட்டது. பால்கனிக் கதவால் எட்டிப் பார்த்தேன். என் கணவரின் போஸ்டருக்குப் பக்கத்தில் நின்று மேல்மாடிக்காரர் வாசித்துக்கொண்டிருந்தார். பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று, கதவைச் சாத்தும்படி தலைவர் எனக்குக் கைகாட்டினார். கறுப்பர்களின் இசையைப் பற்றிப் பேசுவதற்குக் கறுப்பரின் இசையை வெளியே தள்ளிச் சாத்த வேண்டுமாம். வெட்கம் கெட்டவர்கள். சாத்தியிருந்த மற்றப் பக்கக் கதவையும் நான் அகலத் திறந்துவிட்டேன்.

கணவர் வாளியோடு பக்கத்தில் வந்தார்.

"வேலை போகப்போகுது. பெர்மெஸ்ஸோவும் போகும்," என்றார் மெல்ல.

நான் அசையவில்லை. கடற்காற்றில் கதவு தானாகச் சாத்திக்கொள்ளப் பார்த்தது. அவர் கீழே தன் போஸ்டரையும் அதன் பக்கத்தில் வாசிப்பவரையும் பார்த்தார். பிறகு குனிந்து, தண்ணீர் வாளியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்தார்.