பெருவிரல் தையல்

2000களின் நடுவில், கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் ஹொக்கிக்கான தோல் கையுறைகள் தைக்கும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தேன். முதலாளியின் தகப்பன் காலத்தில் அங்கே பேஸ்போல் கையுறைதான் தைத்தார்களாம். அதில் ஒன்று சுவரில் தொங்கியது. இத்தனை வருடமாகியும் பெருவிரல் பிரியவில்லை என்று வருகிறவர்களுக்கெல்லாம் முதலாளி காட்டுவார். பெருவிரலை இரண்டு தரம் தைக்க வேண்டும், தைத்தவரின் நம்பரை உள்ளே முத்திரை குத்த வேண்டும். அங்கே அதுதான் சட்டம்.

பக்கத்து மெஷினில் மன்னாரைச் சேர்ந்த அக்கா ஒருவர் இருந்தார். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதைக்கு நேரத்தோடு போய்விடுவார். அவருக்குத் தைக்கத் தந்த கையுறைக் கட்டில் மிச்சத்தை நான் தைத்து, அவர் நம்பரைக் குத்தி, வேலை முடிந்ததும் நேரம் பதியும் மெஷினில் அவர் கார்டையும் அடித்துவிடுவேன். எங்கள் கோயில் தேருக்கு நான் போனால் அவர் எனக்கு அதையே செய்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்கும் அவசரம். கொழும்பில் இருந்த கணவரை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் செய்யும் பத்திரங்களோடு மொழிபெயர்ப்பாளரிடம் ஓட வேண்டும். அக்காவின் கையுறைக் கட்டில் இருந்த பன்னிரண்டு சோடிக்கும் பெருவிரலை ஒரு தரம்தான் தைத்தேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்ற திமிர்.

சில மாதங்களில் அவ்வளவும் திரும்பி வந்தன. பெருவிரல்கள் வாய் பிளந்து கிடந்தன. மேற்பார்வையாளர் உள்ளே இருந்த நம்பரைப் பார்த்து அக்காவைக் கூப்பிட்டார். அக்கா ஒரு கையுறையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஊசியில் கோத்த நூலை உருவி, திரும்பவும் கோத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் கார்ட் அடித்த கதையும் வெளியே வரும், என் வேலையும் போகும், பிறகு ஸ்பொன்சர் என்னாவது? நியாயமெல்லாம் தயாராக இருந்தது. வெட்கம்தான் இல்லை.

அக்கா தன் நம்பர்தான் என்று ஒத்துக்கொண்டார். அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள். சாப்பாட்டுப் பெட்டியோடு என்னிடம் வந்தார்.

"பத்திரமெல்லாம் குடுத்திட்டியோ?"

"ஓம் அக்கா."

"வந்து சேருவார். நான் மன்றாடுறன்."

கணவர் வந்த முதல் பனிக்காலத்தில், கோட்-டெ-நெய்ஜ் மெட்ரோ வாசலில் அக்காவைக் கண்டோம். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்வதாகச் சொன்னார். மருந்துத் தண்ணீரில் கைகள் வெடித்திருந்தன. கணவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இவரோ? நல்லாயிருங்கோ தம்பி."

"அக்கா, அண்டைக்கு அந்தக் கட்டு..." என்று தொடங்கினேன்.

அவர் என்னை முடிக்கவிடவில்லை. கணவரின் கையைப் பிடித்தார். நான் வாங்கிக் கொடுத்த புதுத் தோல் கையுறை. அதன் பெருவிரல் தையலை நகத்தால் மெல்லத் தடவினார்.

"ரெண்டு தரம் தைச்சிருக்கு. வடிவாப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாய், பிள்ளை."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

"ஆரப்பா அது?" என்று கணவர் கேட்டார்.

"முந்தி என்னோட வேலை செய்தவ" என்றேன். அதற்கு மேல் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.